கூலி படகுக்கு, ஓங்கிலுக்கு அன்று!

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

“பார்ப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது?” என்று கேட்பது நம் வழக்கம். கோபுரத்தைப் பார்க்கிறோம், கோபுரம் தேய்வதில்லை. நிலவைப் பார்க்கிறோம், நிலவு கறுப்பதில்லை. கடற்கரையில் ஆயிரம் பேர் அமர்ந்து சூரியோதயத்தைக் கண்டு களித்தாலும், மறுநாள் சூரியன் தாமதமாக வருவதில்லை. ஆகவே, எதைப் பார்த்தாலும் இப்படித்தான் என்று எண்ணிவிடுகிறோம். உயிருள்ள ஒன்றை, அதன் வீட்டுக்கே சென்று, பணம் கட்டிப் பார்க்கும்போது இந்தக் கணக்கு பொய்த்துப் போகிறது. அங்கே பார்வைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பார்ப்பவன் கொடுக்க மறுத்தால், பார்க்கப்படும் உயிர் கொடுக்கிறது.

டால்பின் காணச் செல்லும் படகுப் பயணங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இன்று உலகெங்கும் பெருகிவரும் சுற்றுலா இது. இது வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் முறையோடு வேண்டும். இயன்ற இடங்களில் பாய்மரப் படகில் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, நாம் கொடுக்கும் கட்டணம் படகுக்கும் படகோட்டியின் உழைப்புக்கும் உரியதே தவிர, டால்பினுக்கு உரியதன்று என்ற எண்ணம் நம் மனத்தில் ஊன்ற வேண்டும்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல். என் பாட்டனார் இராமநாதபுரம் கடற்கரையில் பாய் விரித்த வத்தையில் மீன் பிடிக்கச் சென்றவர். என் தந்தையார் இஞ்சின் பொருத்திய நாட்டுப் படகில் செல்கிறார். கடல் எங்களுக்குக் காட்சி அன்று, கஞ்சி. டால்பினை எங்கள் பக்கத்தில் ஓங்கில் என்பார்கள். ஓங்கிலைக் கண்டால் எங்கள் ஆட்கள் பரவசப்பட்டுக் கூச்சலிடுவதில்லை. அது வலையில் மாட்டினால் வலை கிழியும்; வலை கிழிந்தால் அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரிவது கடினம். ஆகவே அதன் மேல் சிறிது கோபம்கூட உண்டு. ஆயினும் வேண்டுமென்றே அதைத் துரத்தியதாக நான் கேட்டதில்லை. “தானாக வந்தால் பார், நீயாகப் போய் மறிக்காதே” என்று பாட்டனார் சொல்வார். படிப்பறியாத அந்தப் பெரியவரின் சொல்லுக்குள் இன்றைய விஞ்ஞானம் சொல்லும் விதிகள் பலவும் அடங்கியிருப்பதைக் கல்லூரிக்கு வந்த பின்பே அறிந்தேன்.

சிலிகா ஏரியும் அதன் குடிகளும்

நம் நாட்டில் டால்பின் காண மக்கள் திரளும் இடங்களுள் முதன்மையானது ஒடிசா மாநிலத்தின் சிலிகா ஏரி. பூரி, கோர்தா, கஞ்சாம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் உவர்நீர்க் காயல் அது. மழைக்காலத்தில் விரிந்தும் கோடையில் சுருங்கியும் சுமார் 900 முதல் 1,100 சதுர கிலோமீட்டர் வரை அதன் பரப்பு மாறும். பரப்பு பெரிது, ஆழமோ சிறிது. பெரும்பகுதியில் 4 மீட்டர்கூட இல்லை. 1981ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அது அறிவிக்கப்பட்டது. பின்னர் மண் மேடிட்டு, கடலோடு இணைக்கும் வாய் அடைபட்டு, உப்பும் மீனும் குறைந்து நலிந்தது. 1993இல் ஆபத்துக்குள்ளான நீர்நிலைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டிய பின் ஏரி மூச்சு விட்டது, மீன் பெருகியது. 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது. மனிதன் மனம் வைத்தால் கெட்டதைச் சீர்செய்யவும் முடியும் என்பதற்குச் சிலிகா ஒரு சான்று.

இந்த ஏரியில் வாழ்பவை ஐராவதி டால்பின்கள். பர்மாவின் ஐராவதி ஆற்றின் பெயரைத் தாங்கியிருந்தாலும், விஞ்ஞான உலகம் இந்த இனத்தை முதலில் அறிந்தது நம் வங்கக் கடலோரத்தில்தான். 1852இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த ஒரு டால்பினைக் கொண்டு, 1866இல் ரிச்சர்டு ஓவன் என்ற ஆங்கில விஞ்ஞானி இதனை வருணித்தார். படங்களில் நாம் காணும் டால்பினைப் போல இதற்கு நீண்ட மூக்கு இல்லை. உருண்டைத் தலை, முதுகில் சின்னஞ்சிறு துடுப்பு, இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உடல். துள்ளி விளையாடி வித்தை காட்டும் சுபாவமும் இதற்குக் குறைவு. மூச்சு வாங்க ஒரு கணம் முதுகு தெரியும், மறுகணம் மறைந்துவிடும். அமைதியான, கூச்ச சுபாவமுள்ள உயிர்.

அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் சிலிகாவில் இவற்றின் தொகை ஏறத்தாழ 150. நம் கல்லூரியில் இரண்டு வகுப்பறை மாணவர்கள் அளவு! உலக அளவிலும் இவ்வினம் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முதல் அட்டவணையில் இடம் தந்திருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உரிய அதே இடம். புலி உறங்கும் புதரைச் சுற்றிப் பத்து ஜீப்புகள் நின்று ஹாரன் அடித்தால் நாம் சும்மா இருப்போமா? தண்ணீருக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் சும்மா இருக்கிறோம்.

படகில் கண்டது

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் கல்விச் சுற்றுலாவாகப் பூரி, கோனார்க், சிலிகா ஆகிய இடங்களுக்குச் சென்று வந்தோம். ஏரியில் எட்டுப் பேருக்கு ஒரு படகு. நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் மோட்டார். அதன் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பின் எங்கோ ஒரு முதுகு தெரிந்தது. அவ்வளவுதான்! நான்கு திசையிலிருந்தும் படகுகள் அந்த இடத்தை நோக்கிப் பாய்ந்தன. நான் எண்ணினேன், எங்களோடு சேர்த்து ஏழு. ஒவ்வொரு படகிலும் எழுந்து நின்றவர்களின் கூச்சல். கைப்பேசிகள் உயர்ந்தன. “அதோ! இதோ! இன்னும் பக்கத்தில் போ!” என்று நம் நாட்டு மொழிகள் பலவற்றிலும் ஆணைகள் பறந்தன. முதுகு மறைந்தது, வேறோர் இடத்தில் தெரிந்தது, ஏழு படகுகளும் அங்கே திரும்பின. படகுகள் போட்ட வட்டத்துக்குள் அந்த உயிர் எந்தப் பக்கம் போகும்? ஆழத்துக்குப் போகலாம் என்றால் அங்கே ஆழமே இல்லை.

எங்களுடன் வந்த பேராசிரியர் இந்தி அறிந்தவர். மோட்டாரை நிறுத்தச் சொன்னார். படகோட்டி தயங்கினார். “நிறுத்தினால் தெரியாது பாபு. தெரியாவிட்டால் என்னைக் குறை சொல்வீர்கள். பார்க்காமல் கரை திரும்பினால் பலர் பேசிய பணத்தில் பாதியைக்கூடத் தருவதில்லை. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம்” என்றார். “முழுப் பணமும் தருகிறோம், மேலும் தருகிறோம், நிறுத்துங்கள்” என்றார் பேராசிரியர். மோட்டார் நின்றது. மற்றப் படகுகள் வேறு பக்கம் விரைந்தன. காற்று எங்கள் படகை மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து “ப்பூ...” என்று ஓர் ஓசை. டால்பின் மூச்சு விடும் ஓசை என்று படகோட்டி கை காட்டினார். அதை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம்.

அந்தப் படகோட்டியின் சொல்லில்தான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. டால்பினைத் துரத்துவது அவரா? இல்லை, நாம் கொடுக்கும் கூலியின் நிபந்தனை துரத்துகிறது. “காட்டினால்தான் காசு” என்று நாம் சொல்லும் கணமே, மோட்டாரின் வேகத்தை நாம்தான் கூட்டுகிறோம். ஏழைப் படகோட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நீதிபதி நாற்காலியில் அமர்வது நியாயம் ஆகாது.

நீருக்குள் ஒலி

இரைச்சல் என்றால் நமக்குக் காதுவலி. டால்பினுக்கு அது குருட்டுத்தனம். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நீரிலோ சுமார் 1,500 மீட்டர். நான்கு மடங்குக்கும் மேல். நீரில் ஒலி விரைந்து செல்வதோடு நெடுந்தூரமும் செல்லும். ஒளியின் நிலையோ நேர் எதிர். கலங்கிய காயல் நீரில் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆகவே டால்பின் ஒலியால் வாழ்கிறது. சொடுக்குப் போன்ற ஒலிகளை எழுப்பி, அவை பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு மீன் எங்கே, வலை எங்கே, வழி எங்கே என்று அறிகிறது. திரும்பி வரும் ஒலி அதன் கீழ்த்தாடைக் கொழுப்பின் வழியே உட்செவியை அடைகிறது. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். டால்பின் இனங்களோ ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளையும் கேட்கின்றன. தாயும் கன்றும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்வதும் ஒலியாலேதான்.

இப்போது அந்த நீருக்குள் ஏழு மோட்டார்களை இறக்கிப் பாருங்கள். சுழலும் விசிறியைச் சுற்றிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் ஒரு வெடி. தேர்வு எழுதும் மாணவனின் அறைக்குள் ஏழு ஒலிபெருக்கிகளை வைத்தது போன்ற நிலை அது. இதற்கு மேல், டால்பினுக்கு உறக்கமும் நம்மைப் போன்றதன்று. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பதால் மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறுபாதி விழித்திருக்கும். அந்த அரை உறக்கத்தையும் கெடுப்பது எவ்வகையில் நீதி?

எண்கள் சொல்லும் நீதி

இவை எல்லாம் இரக்கத்தால் பிறந்த ஊகம் என்று யாரேனும் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள ஷார்க் விரிகுடாவைப் பாருங்கள். பல ஆண்டுகளாக டால்பின்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு ஆராய்ந்துவரும் இடம் அது. சுற்றுலாப் படகு நிறுவனம் எதுவும் இல்லாத காலம், ஒன்று மட்டும் இருந்த காலம், இரண்டு இருந்த காலம் என மூன்று காலங்களை ஒப்பிட்டு 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒன்று இரண்டானபோது, படகுகள் சென்ற பகுதியில் டால்பின்களின் செறிவு சுமார் 15 விழுக்காடு குறைந்திருந்தது. ஏறத்தாழ ஏழில் ஒன்று! அங்கே இயங்கியவை உரிமம் பெற்று விதிகளுக்கு உட்பட்டு நடந்த படகுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த மாநில அரசு என்ன செய்தது? இரண்டு உரிமங்களை ஒன்றாகக் குறைத்தது.

ஷார்க் விரிகுடாவின் டால்பின் கூட்டம் பெரிது. ஓரளவு இழப்பைத் தாங்கும். 150 மட்டுமே உள்ள சிலிகாவில் ஏழில் ஒன்று விலகிப் போனால் அவை எங்கே போகும்?

ஹவாய் தீவுகளில் ஸ்பின்னர் என்ற டால்பின் இனம் இரவில் இரை தேடிப் பகலில் கரையோர விரிகுடாக்களில் இளைப்பாறும். அவற்றோடு நீந்தவும் அவற்றைச் சூழவும் பகலெல்லாம் பயணிகள் குவிந்தார்கள். கரையிலிருந்து இரண்டு கடல் மைல் எல்லைக்குள் அவற்றுக்கு 50 கெசத்துக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்று 2021இல் அமெரிக்க அரசு விதி செய்தது. நியூசிலாந்திலோ 1992ஆம் ஆண்டு முதலே விதிகள் உண்டு: 300 மீட்டர் சுற்றளவுக்குள் மூன்று படகுகளுக்கு மேல் நிற்கக் கூடாது, அந்த எல்லைக்குள் அலை எழும்பாத மெதுவான வேகமே வேண்டும். அப்படி இருந்தும் அங்குள்ள பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் டால்பின் கூட்டம் சுருங்கியதால், 2019இல் அவற்றோடு நீந்துவதையே தடை செய்தார்கள்.

இவற்றிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு படகு ஒழுங்காக நடந்தால் மட்டும் போதாது. படகுகளின் எண்ணிக்கைக்கும் எல்லை வேண்டும். சிறு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு படகும் நல்ல பிள்ளையாக அரை மணி நேரமே நின்று திரும்புவதாகக் கொள்வோம். காலை 8 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை பத்துப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், அந்த ஐந்து மணி நேரத்தில் டால்பினுக்குத் தனியாக ஒரு நிமிடம் உண்டா? ஒவ்வொருவரும் குற்றமற்றவர், ஆனால் கொடுமை நடந்தேறிவிடுகிறது!

பாயின் பெருமை

இந்த இடத்தில்தான் பாய்மரப் படகின் பெருமையைப் பேச விரும்புகிறேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அசோர்ஸ் தீவுகள் முதலிய இடங்களில் பாய்மரக் கலங்களில் டால்பின் காணச் செல்லும் பயணங்கள் நடக்கின்றன. அவற்றுள் பலவும் இரட்டை உடல் கொண்ட கலங்கள். உலகம் அவற்றைக் கேட்டமரான் என்று அழைக்கிறது. அந்தச் சொல் எங்கிருந்து போனது? நம் கட்டுமரத்திலிருந்து! பெயரை உலகுக்குக் கொடுத்த நாம், பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டோம்.

பாய்மரப் படகுக்கு மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, விசிறி சுழலாது. ஆகவே இரைச்சலும் இல்லை, டால்பினின் முதுகைக் கிழிக்கும் அபாயமும் இல்லை. சிலிகாவிலும் பிற இடங்களிலும் விசிறியின் வெட்டுக் காயங்களோடு டால்பின்கள் காணப்பட்டதுண்டு. இரண்டாவது, பாயால் துரத்த முடியாது. காற்று விடும் வழியில்தான் போக வேண்டும். வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் யாருடைய ஆணைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. பயணி எவ்வளவு கத்தினாலும் படகு தன் வழியில்தான் செல்லும், அதுவே நல்லது. மூன்றாவது நன்மை மனிதனுக்கு. மோட்டார்ப் படகில் போகிறவனுக்கு டால்பின் தெரியும் இரண்டு நொடி மட்டுமே பயணம். மற்ற நேரமெல்லாம் வீண். பாய்மரப் படகில் காற்றும் நீரும் பறவையும் எல்லாமே பயணம்தான். டால்பின் வராவிட்டாலும் வெறுங்கையோடு திரும்பினோம் என்ற ஏக்கம் இருக்காது.

இருப்பினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாய் கட்டியதாலேயே பாவம் தீர்ந்துவிடாது. பாய்மரப் படகும் கூட்டத்தின் நடுவே குறுக்கே பாய்ந்தால், தாயையும் கன்றையும் பிரித்தால், மணிக்கணக்கில் பின்தொடர்ந்தால், அதுவும் தவறே. எந்தப் படகாயினும் முறைகள் ஒன்றுதான். எதிரே சென்று மறிக்கலாகாது, பின்னாலிருந்து துரத்தலாகாது, பக்கவாட்டில் இணையாகச் செல்லலாம். 50 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. 100 மீட்டர் கேட்கும் இடங்களும் உண்டு. தீனி போடலாகாது, தொட முயலலாகாது, நீரில் குதிக்கலாகாது. கன்று இருந்தால் விலகிச் செல்ல வேண்டும். டால்பின் தானாக அருகே வந்தால், அப்போது படகு அமைதியாக இருந்தால் போதும்.

“தானாக வந்தால்” என்ற இந்தச் சொல்லுக்குப் பர்மா ஓர் உதாரணம். ஐராவதி ஆற்றில் வாழும் இதே இனத்து டால்பின்களும் அங்குள்ள மீனவர்களும் பல தலைமுறைகளாகச் சேர்ந்து மீன் பிடிக்கிறார்கள். மீனவர் படகின் பக்கத்தைத் தட்டி அழைக்கிறார், டால்பின் மீன் கூட்டத்தை வளைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது, வீச்சு வலை விழுகிறது, இருவருக்கும் பங்கு. அந்த ஆற்றின் ஒரு பகுதியை 2005இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அழைப்பது வேறு, வளைப்பது வேறு. அழைப்பவனிடம் டால்பின் வருகிறது, வளைப்பவனிடமிருந்து ஓடுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

“காற்று இல்லாத நாளில் பாய் என்ன செய்யும்? இரண்டு மணி நேரத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டியவன் என்ன செய்வான்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கரையிலிருந்து வெளியே செல்லவும் திரும்பவும் சிறு மோட்டார் இருக்கட்டும். டால்பின் வாழும் பகுதியில் அது ஓய்வெடுக்கட்டும். அதற்கும் நேரம் இல்லாதவன் டால்பின் காணும் ஆசையை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கட்டும். நம் அவசரத்துக்கு ஏரியின் குடிகள் பொறுப்பல்ல.

“டால்பினைக் கொல்வது வலைதான், படகுச் சுற்றுலாவை ஏன் குறை சொல்கிறாய்?” என்றார் இன்னொருவர். செவுள் வலையில் சிக்கி மூச்சு முட்டி இறப்பதே டால்பின்களுக்குப் பெரும் ஆபத்து என்பது உண்மை. மீனவன் மகனாகிய நான் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் வலை வீசுகிறவன் வயிற்றுக்காக வீசுகிறான். அவனை நிறுத்தச் சொல்வது எளிதன்று. படகில் ஏறும் பயணியோ பொழுதுபோக்குக்காக ஏறுகிறான். பசிக்காக நேரும் தீங்கைக் குறைக்க வழி தேடும் நாட்டில், பொழுதுபோக்குக்காக நேரும் தீங்கை முதலில் நிறுத்துவது அல்லவா முறை? டால்பினால் கூலி பெறும் கரையோர மக்கள் வலையிலும் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்பதால்தான், இந்தச் சுற்றுலா வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

“படகுகளைக் குறைத்தால் ஏழைப் படகோட்டி என்ன ஆவான்?” இதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி. கடலோரக் குடும்பத்தின் கடன் சுமை எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததன்று. ஆனால் இதற்கும் விடை சிலிகாவிலேயே இருக்கிறது. ஏரியின் வடகரையில் மங்களாஜோடி என்ற ஊர். அங்கே முன்பு பறவைகளை வேட்டையாடி விற்றார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி மனம் மாறிய அவ்வூரார் பறவைகளைக் காக்கும் சங்கம் அமைத்தார்கள். வேட்டையாடிய கைகளே இன்று கழி ஊன்றிப் படகு தள்ளிப் பயணிகளுக்குப் பறவை காட்டுகின்றன. அந்தப் படகுகளில் மோட்டார் இல்லை. அமைதியாகப் போவதால் பறவைகள் நிற்கின்றன. பறவைகள் நிற்பதால் பயணிகள் வருகிறார்கள். மௌனமே அங்கே மூலதனம்! பறவைக்கு ஆனது டால்பினுக்கு ஆகாதா? படகுகளுக்கு முறை வகுத்து, ஒரு நேரத்தில் இத்தனைதான் என்று எல்லை கட்டி, வருமானத்தைச் சங்கத்தின் வழியாகச் சமமாகப் பங்கிட்டால், ஒருவரையொருவர் முந்திப் பாய வேண்டிய தேவையே எழாது.

“இவ்வளவு தொல்லை எதற்கு? தொட்டியில் வைத்துக் காட்டினால் எல்லாரும் பார்க்கலாமே!” என்பாரும் உண்டு. அதையும் நம் நாடு செய்து பார்த்தது. 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே மாண்டன. 2013இல் டால்பின் காட்சித் தொட்டிகள் கூடாது என்று மத்திய அரசு முடிவு செய்தது. ஆகவே நமக்கு இருப்பது ஒரே வழி: அவை வாழும் இடத்துக்கு விருந்தினராகச் செல்வது.

நாம் செய்யத்தக்கது

மாணவத் தோழர்களே, தோழியரே! ஆண்டுதோறும் ஒவ்வொரு துறையும் சுற்றுலா செல்கிறது. நாம் பட்டம் பெற்று, வேலை பெற்று, குடும்பத்தோடும் செல்வோம். எங்கள் கடலுக்கும் இந்தச் சுற்றுலா பெருமளவில் வரும் நாள் தொலைவில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கு என்று 2022இல் தமிழக அரசு ஒதுக்கியது. அந்தக் கடலில் ஓங்கிலும் உண்டு. பயணிகள் கூட்டம் வந்தபின் விதி எழுதுவதைவிட, வருமுன் எழுதுவது நன்று. எங்கள் ஊர் இளைஞர்களுக்கு அந்தப் படகுகளில் வேலை கிடைக்க வேண்டும். பரணில் கிடக்கும் பாய்கள் மீண்டும் விரிய வேண்டும். பாய் கட்டத் தெரிந்த கடைசிப் பெரியவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் அதைக் கற்க வேண்டும். சிலிகாவில் நடந்த முட்டல் மோதல் எங்கள் கடலிலும் நடக்கக் கூடாது என்பதே என் கவலை.

அரசு எண்ணிக்கைக்கு எல்லை கட்டட்டும். சங்கங்கள் முறை வகுக்கட்டும். அவை நடக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கூலியின் நிபந்தனையை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. அதற்குச் சட்டம் தேவையில்லை, ஆணை தேவையில்லை. நெருங்கிப் போனதற்காகச் சன்மானம் கொடுக்கும் நாம், விலகி நின்றதற்காகச் சன்மானம் கொடுக்கப் பழகினால் போதும். ஒரு வகுப்பு அப்படிச் செய்தால் ஒரு படகோட்டியின் மனம் மாறும். பத்து வகுப்புகள் செய்தால் ஒரு துறையின் வழக்கமே மாறும்.

ஆகவே, அடுத்த முறை படகில் ஏறும்போது, கயிற்றை அவிழ்க்கும் முன்பே படகோட்டியிடம் சொல்லிவிடுவோம்: “அண்ணே, அவசரம் இல்லை. காற்று போகும் வழியில் போங்கள். அது வந்தால் பார்க்கிறோம். வராவிட்டால் கடலைப் பார்க்கிறோம். எப்படியானாலும் உங்கள் கூலி முழுக்கூலி.”